கடல் தாண்டிய கைத்தாங்கல்

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலையாயது நெருப்பா, சக்கரமா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டும் இல்லை. அன்பு தூரத்தைப் பொறுத்தது என்ற உண்மைதான் அது. பக்கத்து அறையில் ஒருவர் இருமினால் நமக்குத் தூக்கம் கெடுகிறது. அடுத்த தெருவில் இருமினால் ஐயோ பாவம் என்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமுகிறார் என்று கேள்விப்பட்டாலோ நெஞ்சு விம்முகிறது, உடனே பெட்டி கட்டத் தோன்றுகிறது. இந்த உண்மையை முதன்முதலில் சட்டமாக்கிய பெருமை 'எல்லை கடந்த தொண்டு இயக்க'த்தையே சாரும். தொண்டர் எவரும் சொந்த நாட்டில் தொண்டு செய்யலாகாது என்பது அதன் முதல் விதி.

ஏன் என்று கேட்பவர்களுக்கு இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் அம்மையார் பொறுமையாக விளக்குவார்.

"சொந்த வீட்டுல செஞ்சா அது கடமை. சொந்த ஊர்ல செஞ்சா அது வேலை. விமானம் ஏறிப் போய்ச் செஞ்சாத்தான் சேவை. மூணையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

நம் கதாநாயகர் இதில் குழம்பியதே கிடையாது. அவரை இனி 'தொண்டர்' என்றே அழைப்போம். பெற்றவர்கள் வைத்த பெயரைவிட அவருக்கு அதுதான் பிடித்திருந்தது.

தொண்டரின் அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் தப்பித்தது. கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான். தொண்டரின் அக்கா பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவள். அவள் லீவு போட்டுவிட்டு அப்பாவைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், துடைத்தாள், புண் வராமல் திருப்பிப் படுக்க வைத்தாள். தொண்டரும் சும்மா இருக்கவில்லை. அப்பா தண்ணீர் கேட்டால், "அக்கா, அப்பா தண்ணி கேக்கறார்" என்று உடனுக்குடன் அறிவிக்கும் பொறுப்பைத் தானே முன்வந்து ஏற்றுக்கொண்டார். அந்தப் பணியில் அவர் ஒருமுறைகூடத் தாமதித்ததில்லை.

அறிவிப்புகளுக்கு இடையே கிடைத்த ஓய்வில் அவர் முன்னறையில் உட்கார்ந்து உலக முதியோர்களின் நிலையைப் பற்றிப் படித்தார். படிக்கப் படிக்கத் துக்கம் தொண்டையை அடைத்தது. எங்கோ ஓர் ஊரில் முதியோர் இல்லத்தில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் ஒரு கிழவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம் வேறு போட்டிருந்தார்கள். இதற்கு மேல் வீட்டில் இருப்பது மனிதத் தன்மையே அல்ல என்று தொண்டர் முடிவு செய்தார். முடிவை அப்பாவின் கட்டிலுக்கு எதிரே நின்று அறிவித்தார்.

"அங்க போய் என்ன வேலைடா?" என்று அக்கா கேட்டாள். அவள் கையில் அப்பாவின் ஈரத் துணிகள் இருந்தன.

"முதியவங்களப் பாத்துக்கறது."

அக்கா துணிகளை வாளியில் போட்டாள். அப்பாதான் யோசித்து யோசித்துக் கேட்டார்.

"நல்ல வேலைதான். இங்க காலி இல்லையாப்பா?"

தொண்டர் இந்தக் கேள்வியைப் பெரிய மனதோடு மன்னித்தார். நோயாளிகள் சுயநலமாகப் பேசுவது இயல்பு என்று அவர் படித்திருந்தார்.

"ஒரே ஒரு வருஷம்க்கா. அப்புறம் நான் வந்து அப்பாவைப் பாத்துக்கறேன், நீ பட்டறைக்குப் போ. சத்தியமா."

"அதுவரைக்கும் என் இடத்தை வச்சிருப்பாங்களாடா?"

"கேட்டுப் பாரு. நல்ல காரியத்துக்காகன்னு சொல்லு."

பட்டறை முதலாளி ஒரு வருஷத்துக்கு ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது என்றும் சொல்லிவிட்டார். பல் இல்லாதவர்கள் காத்திருக்க மாட்டார்கள் அல்லவா?

கடலுக்கு அப்பால் தொண்டருக்கு முறைப்படி பயிற்சி தந்தார்கள். படுத்திருப்பவரைப் புரட்டுவது எப்படி, கைத்தாங்கலாக நடத்துவது எப்படி என்றெல்லாம் ஒரு ரப்பர் பொம்மையை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பொம்மை நன்றாக ஒத்துழைத்தது. தொண்டர் அதை அவ்வளவு பரிவோடு புரட்டியதைப் பார்த்துப் பயிற்சியாளரே கண் கலங்கினார். பெற்ற தகப்பனைப் போலப் பாவித்தீர்கள் என்று பாராட்டினார். தகப்பனை அவர் ஒரு தடவைகூடப் புரட்டியதில்லை என்பது அந்த நல்ல மனிதருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் பயிற்சியைப் பயன்படுத்தும் வாய்ப்பு வரவில்லை. முதியோர் இல்லத்தில் புரட்டுவதற்கும் துடைப்பதற்கும் சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். தொண்டர்களின் வேலை அதைவிட உயர்ந்தது. அதற்கு 'உடனிருத்தல்' என்று பெயர். ஒரு முதியவர் அருகில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். படம் எடுக்கும்போது சம்பள ஆட்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ள வேண்டும்.

தொண்டருக்கு வாய்த்த முதியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். வாழ்நாள் முழுவதும் வீடு வீடாக நடந்ததில் முழங்கால் இரண்டும் தேய்ந்து போய்ச் சக்கர நாற்காலியில் இருந்தார். தொண்டர் அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டதும் தபால்காரர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்.

"கையைத்தானே பிடிக்கணும்? எந்தக் கை?"

"எதுவா இருந்தாலும் பரவாயில்லைங்க."

"இடது கையப் பிடி. அப்பத்தான் படத்துல என் மூக்கு நல்லா விழும்."

படங்களில் தபால்காரரின் மூக்கு நன்றாகவே விழுந்தது. தொண்டர் அவற்றை ஊரில் எல்லோருக்கும் அனுப்பினார். நண்பர்கள் நெகிழ்ந்தார்கள். தூரத்துச் சித்தி ஒருத்தி, 'இப்படி ஒரு பிள்ளையைப் பெற என்ன தவம் செய்தாரோ' என்று அப்பாவுக்கே போன் செய்து சொன்னாளாம். அப்பா அதற்கு என்ன பதில் சொன்னார் என்று அக்கா சொல்ல மறுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமைதோறும் 'பிரதிபலிப்பு வட்டம்' கூடும். தொண்டர்கள் வட்டமாக உட்கார்ந்து அந்த வாரம் தங்களுக்குள் என்ன நிகழ்ந்தது என்று சொல்ல வேண்டும். வெளியே என்ன நிகழ்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. புதிதாக வந்த ஒருவன் ஒரு தடவை எழுந்து, ஆள் பற்றாக்குறையால் மூன்று பேருக்குப் படுக்கை விரிப்பு மாற்றினேன் என்று சொல்லிவிட்டான். வட்டம் சங்கடத்தோடு தரையைப் பார்த்தது.

"அதுல ஆழம் இல்லையேப்பா. விரிப்பு மாத்தும்போது நீ என்ன உணர்ந்த?" என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மையார்.

"ஈரமா இருந்ததும்மா."

பாவம், அவனை அதற்குப் பிறகு சமையல் கட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நம் தொண்டருக்கோ இது கைவந்த கலையாகிவிட்டது. நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடி, "நான் கொடுக்க வந்தேன், ஆனால் பெற்றுக்கொண்டேன்" என்று அவர் தொடங்கினாலே பக்கத்து நாற்காலிகளில் மூக்கு உறிஞ்சும் ஒலி எழும். எதைப் பெற்றுக்கொண்டார் என்று யாரும் கேட்டதில்லை. அடுத்த ஆண்டுக்கு அவரை 'மூத்த தொண்டர்' ஆக்கலாம் என்று அம்மையார் ஜாடையாகச் சொல்லத் தொடங்கினார். மூத்த தொண்டர் உடனிருக்கக்கூட வேண்டியதில்லை. மற்றவர்கள் உடனிருப்பதை உடனிருந்து பார்த்தால் போதும்.

இந்தச் சமயத்தில்தான் அக்காவிடமிருந்து போன் வந்தது. அவள் குரல் நலிந்திருந்தது. அப்பாவைத் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டதாகச் சொன்னாள்.

"அதனால உங்க இயக்கத்துக்கு ஒரு போன் போட்டேன்டா."

"எதுக்குக்கா?"

"இங்கயும் வெளிநாட்டுலேர்ந்து ஆள் அனுப்பறாங்களாமே. ஆனா ஆதரவில்லாதவங்களுக்குத்தானாம். மகன் இருக்கானான்னு கேட்டாங்க. இருக்கான்னேன். எங்கன்னு கேட்டாங்க. உங்ககிட்டதான்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"கூடிப் பேசிட்டுச் சொன்னாங்க. அப்படின்னா இல்லாத மாதிரிதானாம்."

"நீ இருக்கியேக்கா?"

"மகள் கணக்குல வராதாம்டா. வீட்டோட இருக்கறது மகளுக்கு இயல்பாம்."

இதில் இயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. தபால்காரர் ஆதரவற்றவரானதே அவருடைய ஒரே மகள் தொண்டு செய்ய வெளிநாடு கிளம்பியதால்தான். அங்கே மகள் கணக்கில் வருவாள், இங்கே வரமாட்டாள். ஒவ்வொரு நாட்டின் பண்பாட்டையும் மதிக்கும் இயக்கம் அது.

மேலும் இயக்கத்தில் 'ஜோடிப் பரிமாற்றம்' என்றொரு நடைமுறை உண்டு. ஒரு வீட்டிலிருந்து ஒருவர் தொண்டுக்குப் போனால், அவர் எந்த வீட்டாருக்கு உதவுகிறாரோ அந்த வீட்டுத் தொண்டரை இந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். நிர்வாகத்துக்கு எளிது. அடுத்த முறை அக்கா வீடியோவில் அழைத்தபோது, அப்பாவின் கன்னத்தில் நுரை அப்பியிருக்க, வெளிநாட்டுப் பெண் ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டு சவரம் செய்துகொண்டிருந்தாள். தொண்டருக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த தபால்காரர் எட்டிப் பார்த்தார்.

"இது என் பொண்ணு," என்றார்.

விமான நிறுவனங்களுக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிட்டு, ஓர் அப்பாவின் மகனும் இன்னோர் அப்பாவின் மகளும் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். உலக ஒற்றுமை இதற்கு மேல் எப்படித்தான் வளரும்?

"பண்ணத் தெரியுமா இவளுக்கு?" என்று தபால்காரர் முணுமுணுத்தார். "எனக்கு ஒரு நாளும் பண்ணி விட்டதில்லையே. ஞாயித்துக்கிழமை வருவா, போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா, போயிடுவா."

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அவர் தொண்டரைக் குடைந்தெடுத்தார். அங்கே சூப் வைத்துக் கொடுக்கிறாளா? நகம் வெட்டி விடுகிறாளா? தொண்டர் ஆமாம் என்று சொன்னால் அன்று முழுவதும் இடது கையைக் கொடுக்க மாட்டார்.

தொண்டருக்கு மட்டும் பாரம் இறங்கிவிட்டது. அக்கா பட்டறைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். அப்பாவைப் பார்க்க ஆள் இருக்கிறது. ஒரு வருஷத்தில் வருகிறேன் என்று செய்த சத்தியத்தை இனி யார் கேட்கப் போகிறார்கள்? மூத்த தொண்டர் பதவியை ஏற்று இரண்டாம் ஆண்டும் தங்கிவிடுவது என்று அவர் மனதுக்குள் முடிவெடுத்தார். அதை முதலாண்டு நிறைவு விழா மேடையில் உலகறிய அறிவிப்பதாகத் திட்டம்.

விழாவன்று கூடம் நிறைந்து வழிந்தது. மேடைக்குப் பின்னால் பெரிய திரை கட்டி, பல நாடுகளிலும் முதலாண்டை முடித்த தொண்டர்களையும் அவரவர் முதியவர்களையும் அதில் வரவழைத்தார்கள். ஒவ்வொருவராக ஆழத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஒருத்தி தன்னைத் தானே கண்டெடுத்தேன் என்றாள். இன்னொருவன் தன்னைத் தானே தொலைத்தேன் என்றான். இரண்டுக்கும் ஒரே அளவு கைதட்டல் கிடைத்தது.

பிறகு திரையில் தொண்டரின் வீடு வந்தது. அதே கட்டில், அதே ஜன்னல். அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் அக்கா, பட்டறையிலிருந்து நேராக வந்தவள் போல முழங்கை வரை பல் அச்சுக்கான சுண்ணாம்புத் தூள். இன்னொரு பக்கம் தபால்காரரின் மகள். அவள் தமிழில் பேசினாள், மொழிபெயர்ப்பாளர் அந்த ஊர்ப் பேச்சில் சொன்னார். அவள் தமிழை அப்பாவிடமே கற்றிருந்தாள். அதனால் அது லிஃப்ட் மெக்கானிக்கின் தமிழாக இருந்தது.

"நான் பெருசா ஒண்ணும் கத்துக்கலைங்க. அப்பாவ இடது பக்கம் திருப்பினா பயப்படுவார். மொதல்ல தோளத் தொட்டு, 'கீழ இறங்கறோம்'னு சொல்லணும். அப்பப் பயப்பட மாட்டார். ஆரம்பத்துல லோடு தாங்காது, ரெண்டு பேர் பிடிக்கணும். இப்ப நான் ஒருத்தி போதும். ஜன்னல் வரைக்கும் நடக்கறார். அவ்வளவுதான்."

அம்மையார் தம் குறிப்பேட்டில் 'ஆழம் போதாது' என்று எழுதிக்கொண்டார்.

தொண்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நடக்கிறார். இத்தனை வாரப் பேச்சில் அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல இடைவெளி கொடுத்துப் பேசியதாகவும் அவருக்கு நினைவில்லை. அப்பாவின் தோளில் அந்தப் பெண்ணின் கை சாதாரணமாகக் கிடந்தது. அவள் அவரை அப்பா என்கிறாள். அவரும் திரும்பிப் பார்க்கிறார். தொண்டருக்குத் தொண்டை அடைத்தது. இந்தத் தடவை அது தானாகவே அடைத்தது, நெஞ்சில் கை வைக்க அவருக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பொறாமையாக இருந்தது.

மேடையில் அவர் பெயரை அழைத்தார்கள். அவர் போய் நின்றார்.

"நான் ஊருக்குப் போறேன்," என்றார். "எங்க அப்பாவ நானே பாத்துக்கறேன். அந்தப் பொண்ணு இங்க வந்து அவங்க அப்பாவப் பாத்துக்கட்டும்."

அம்மையாரின் முகம் வெளிறிவிட்டது.

"என்ன பேசறீங்க? அவங்கவங்க அவங்கவங்க அப்பாவப் பாத்துக்கிட்டா அப்புறம் சேவை எங்க இருக்கு?"

"ரெண்டு பேரும் நல்லா இருப்பாங்களேம்மா."

"நல்லா இருப்பாங்க. யாரு இல்லைன்னா? ஆனா ஒரே நாள்ல ரெண்டு தொண்டர் குறைஞ்சிடுவாங்க, ரெண்டு ஆதரவற்றவங்க குறைஞ்சிடுவாங்க. இப்படி எல்லாரும் கிளம்பினா இயக்கம் என்ன ஆகறது?"

அதற்குள் பின்வரிசையில் யாரோ இதுதான் பிரதிபலிப்பின் உச்சம் என்று புரிந்துகொண்டு கைதட்டினார்கள். அது முன்வரிசைக்குப் பரவியது. கூடமே எழுந்து நின்றது. தொண்டர் அழுதுகொண்டே அந்தக் கைதட்டலைக் கேட்டார். இவ்வளவு பெரிய கைதட்டல் தனக்கு இதுவரை கிடைத்ததில்லை என்பதையும் அழுகைக்கு நடுவே கவனித்தார்.

கூட்டம் இப்படி உருகும்போது மறுக்க முடியாது. அம்மையார் விதிப்படி முதியவர்களின் விருப்பத்தைக் கேட்பதாக அறிவித்தார். முதலில் ஒலிபெருக்கி தபால்காரரிடம் போனது. அவர் திரையில் இருந்த மகளை நெடுநேரம் பார்த்தார். மகளும் அவரைப் பார்த்தாள்.

"அவ அங்கயே இருக்கட்டும்," என்றார். "அங்க நல்ல பொண்ணா இருக்கா. இங்க வந்து ஏன் கெட்டுப் போகணும்?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்து அப்பாவின் முறை. அக்கா போனை அவர் வாயருகே பிடித்தாள். தொண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்கு அருகே போனார்.

"அப்பா, நான் வந்துடறேம்பா. இனிமே எங்கயும் போக மாட்டேன். உங்ககூடவே இருக்கேன்."

அப்பாவுக்கும் கண் நிறைந்துவிட்டது. அவருக்கு மகன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. இடது கையைத் தூக்கிப் போன் திரையில் தெரிந்த மகனின் முகத்தை ஒருமுறை தொட்டார். அந்தக் கையை அப்படியே நகர்த்தி, தோள்மேல் இருந்த பெண்ணின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வழக்கம்போல வார்த்தை மெதுவாகத்தான் வந்தது.

"நீ அங்கயே நல்லா இருப்பா. நீ வந்துட்டா நான் மகன் இருக்கறவன் ஆயிடுவேன். இவளத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் என்னை யாருப்பா பாத்துப்பாங்க?"